கொடை மேடையில் கே.பி. சுந்தராம்பாள்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

ஊர்க்காரர்களுக்கும், டெம்போ பிடித்து வந்து பார்த்த பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம்ம அம்மன் கோயில் கொடை விழாவின் இரண்டாம் நாள் ராத்திரி, பாடகி கே.பி. சுந்தராம்பாளையும் அவர் கணவர், நாடக நடிகர் கிட்டப்பாவையும் பற்றி நாங்கள் போட்ட பாட்டு நாடகத்தின் பேச்சு இன்னும் ஓயவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் அதே பேச்சுதான். வேஷம் கட்டியவள் என்பதால் பாராட்டு முழுக்க எனக்கு வருகிறது. அதில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது. வீடு வீடாகப் போய்ச் சொல்லப் புறப்பட்டால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வில்லிசைக் குழுவுக்கு. நம்ம பக்கத்துக் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்களிடம் நேரம் கேட்பது லேசான காரியமா? அம்மன் கதை பாதியில் நிற்கக் கூடாது, சாமி வரும் நேரம் தப்பக் கூடாது. குழுத் தலைவரான அண்ணாவியிடம் கமிட்டி மாமா தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தார். அவரோ, "கிட்டப்பா பொண்டாட்டி கதைதானே? தாராளமா நடத்துங்க. நான் கதையை முன்கூட்டியே ஏறக்கட்டி வைக்கேன்" என்று முடித்துவிட்டார். அதோடு விடவில்லை. குடமும் உடுக்கையும் அடிக்கிற இரண்டு பேரையும் எங்களோடு உட்கார வைத்தார். ரயில் காட்சியில் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டதே, அது குடம்! கொடை மேடையில் நாடகக்காரியின் கதை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்தவர்களுக்கும் அண்ணாவியே பதில் சொன்னார்: ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான், வில்லைக் கையில் எடுத்துக் காந்தி கதை பாடியவர்தான். அதோடு வாய்கள் அடங்கின. கலைவாணரும் சுந்தராம்பாளும் ஒரே ஆண்டில், 1908-இல் பிறந்தவர்கள் என்பதையும் அண்ணாவி சொல்லித்தான் நான் கவனித்தேன்.

அடுத்து எங்கள் வாத்தியார் ஐயா. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நான் எழுதிக்கொண்டு போன நாடகத்தில் பாதிக்கு மேல் சிவப்பு மையால் அடித்தார். 1951-இல் சட்ட மேலவை உறுப்பினர், 1969-இல் பின்னணிப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். "இதைக் கேட்டா ஜனம் எழும்பிக் கட்டன் குடிக்கப் போயிரும் பிள்ளே" என்றார். அந்த வரிசையைப் பபூன் வாயில் போட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் மயங்கி விழுகிற மாதிரி வைத்தது அவர் யோசனைதான். பபூனாக வந்த ஆட்டோ அண்ணனுக்கும் சேர்த்து நன்றி. சவாரியை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்தவர்.

சுந்தராம்பாள் என்றால் நம் எல்லாருக்கும் நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாக ஔவைப் பாட்டிதான் கண்ணில் வருகிறார். தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மன் கோயிலுக்கு ஆடிச் செவ்வாயில் கொழுக்கட்டை அவிக்கப் போகிற பெண்களைக் கேட்டாலும், ஔவைக்கு அந்த முகம்தான் என்பார்கள். 1953-இல் ஔவையார் படம் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அதற்கு முந்தைய பெண்ணைத்தான் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கொடுமுடியில் பிறந்து ரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமி; வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற ஆண் பிள்ளையாக நின்றவள்; கப்பலேறி இலங்கைக்குப் போய்ப் பேர் வாங்கியவள். கொழும்பு மேடையில் 1926-இல் கிட்டப்பாவுக்கு எதிரே நின்று, அவர் பிருகா என்கிற வேகமான சுரச் சுழற்சி ஒன்று போட்டால் தானும் சளைக்காமல் ஒன்று போட்ட பதினெட்டு வயசுக்காரி.

சிறுமியாக நடித்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அப்பாவுக்கு நன்றி. ரயில் காட்சியில் அவள் மேடையை விட்டு இறங்கி, தட்டோடு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அது எங்கள் ஒத்திகையில் இல்லாதது. பெண்கள் நிஜமாகவே பத்தும் இருபதும் போட்டார்கள். ஒரு தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே நூறு ரூபாய்த் தாளை வைத்தார். அந்தப் பணம் அப்படியே அன்னதானக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆர்மோனியம் வாசிக்கிற பெட்டிக்கார அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகத்துக்கு மதுரை, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் போய்க் கால்பெட்டி வாசித்தவர். இப்போது காலில் மிதிக்க முடியவில்லை, கைப்பெட்டிதான். துருத்தியில் மூன்று இடத்தில் தோல் ஒட்டியிருக்கிறது. அந்தக் கால நாடகம் எப்படி நடந்தது என்பதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம், அதுதான் பாலம். வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணத் தொடங்கினால் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே போவார்கள். முந்துவது யார் என்று பெட்டிக்காரருக்கே கடைசி வரை தெரியாதாம். மைக்கும் கிடையாது. கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கிறவனையும் குரல் போய் எழுப்ப வேண்டும். அதனால்தான் அத்தனை உச்சத்தில் பாடினார்கள்.

எனக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. மேல் பஞ்சமத்தைத் தொட்டால் குரல் கீச்சென்று போனது. அண்ணாச்சி சுருதியை இறக்கவில்லை. "தொண்டையில இருந்து பிடிக்காத மக்கா, அடிவயித்துல இருந்து விடு" என்று சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கொடையன்று அந்த இடம் வந்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் பயம் வந்துவிடும். பெட்டிச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். அது எப்படி வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மைக் செட் தம்பிக்கு ஒரு கும்பிடு. எக்கோ இல்லாமல் பாட்டா என்று முதலில் சண்டைக்கு நின்றான். பெட்டிக்கார அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டு இசைத்தட்டில் கிட்டப்பாவின் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கேட்டு முடித்ததும் போய் எக்கோவைச் சுழிக்குக் கொண்டுவந்தான். கோயிலுக்கு வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியையும் அந்த ஒன்றரை மணி நேரம் அணைத்து வைத்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்!

கல்யாணக் காட்சிக்குத் தோவாளையில் இருந்து வந்த மாணிக்க மாலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து, பாய் முடைந்தது மாதிரித் தட்டையாகக் கட்டியிருந்தார்கள். நாடகக் கல்யாணம்தானே, கதம்பம் போதும் என்றேன். "கிட்டப்பா செங்கோட்டைக்காரரு. அன்னைக்கு செங்கோட்டையும் நம்மூரும் ஒரே திருவிதாங்கூர்தானே. நம்ம வீட்டு மாப்பிள்ளைக்குக் கதம்பமா?" என்று பூக்கட்டுகிற அண்ணன் கேட்டார். காசு வாங்கவில்லை.

அந்தக் கல்யாணம் 1927-இல் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். அதை மறைக்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. மறைக்க வேண்டாம் என்று உறுதியாக நின்றவர் கமிட்டி மாமாதான். பிரிவும் கோபமும் கடிதங்களுமாகத்தான் அந்த வாழ்க்கை ஓடியது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அதன்பின் வெள்ளைச் சேலைதான், ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் சினிமாவுக்கு வந்ததும் நந்தனாராக, ஆண் வேஷத்தில். சம்பளம் லட்ச ரூபாய், அதுவும் 1935-இல். (ஆண்பிள்ளை டி.கே. சண்முகம் மேடையில் ஔவையானார், பெண்பிள்ளை இவர் திரையில் நந்தனானார். நாடகக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா!)

அந்த வெள்ளைச் சேலையைக் கொடுத்த வடக்குத்தெரு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கஞ்சி போட்டு, தேய்த்து, பழைய தினசரித் தாளில் சுற்றி எடுத்து வந்தார். மேடைக்குப் பின்னால் எனக்குக் கட்டிவிட்டதும் அவர்தான். பாட்டு ஒரு சுற்று முடிவதற்குள் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் நேரம். கொசுவத்தைச் செருகிக்கொண்டே சொன்னார்: "அவ வெள்ளை கட்டினா, உலகம் கையெடுத்துக் கும்பிட்டுது. எனக்குக் கட்டிவிட்டப்போ கல்யாண வீட்டுல பின்வாசல் வழியாத்தான் வரச் சொன்னாவ." நான் பதில் சொல்வதற்குள் திரை விலகிவிட்டது. அந்தக் காட்சியில் என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று பலர் கேட்டீர்கள். நடிப்பு என்று சொல்லிவிட்டேன். ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நானும் கமிட்டி மாமியும் கூப்பிட்டோம். வந்து உட்கார்ந்தார்.

கடைசியில் அந்தப் 'பழம் நீயப்பா' பாட்டைக் கேட்டுச் சத்தம் போட்ட இளவட்டங்களுக்கும் நன்றி. நாடகத்தில் அதை வைக்கவில்லை. நீங்கள் கேட்டதால் பாடினேன், பாதிக்கு மேல் நீங்களே பாடிவிட்டீர்கள்.

கட்டன் போட்டவர்கள், ஏத்தங்காய் உப்பேரி கொண்டுவந்த அத்தை, பந்தல் கட்டியவர்கள், மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே மைதானத்தைப் பெருக்கிய சுய உதவிக் குழு அக்காமார், எல்லாருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. மேடைக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியும் குழந்தையின் ஒற்றைக் கொலுசும் கிடந்தன. படிப்பகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன், உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கிட்டப்பாவோ சுந்தராம்பாளோ பாடிய பழைய இசைத்தட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், கழுவித் துடைக்காமல் அப்படியே பெட்டிக்கார அண்ணாச்சியிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
சுந்தராம்பாளாக வேஷம் கட்டிய உங்கள் ஊர்ப் பிள்ளை