பத்தாவது முடிக்கும்போதே சொல்லிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பிளஸ் டூ முடிச்சவங்க என்ன படிக்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. மேத்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டுக்கும் இப்ப நல்ல மவுசு, டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாம், யூபிஎஸ்சி நடத்துற இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம்னு இருந்துச்சு, எல்லாம் சரிதான். ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு மனசே ஆறல, ஏன்னா எந்த டிகிரிக்கு போகலாம்கறது பிளஸ் ஒன்ல எடுக்கற குரூப்லயே முடிவாயிடுது, இந்த விஷயம் அந்தப் பிள்ளைங்க கைக்கு ரெண்டு வருஷம் லேட்டா வருது. நான் தண்டையார்பேட்டைல 22 வருஷமா மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன், நானும் பி.எஸ்சி. மேத்ஸ்தான், அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, காசிமேட்டுப் பக்கம் அவங்க அம்மா காலைல இட்லி வண்டி போடறாங்க. எட்டாவதுல இருந்தே இவதான் கணக்கு எழுதுவா. லாங் சைஸ் நோட்டுல கோடு போட்டு தேதி, கிழமை, எத்தன இட்லி வித்துச்சு, எத்தன மிஞ்சுச்சு, மழையா வெயிலான்னு தினம் ஒரு வரி. ஒரு நாள் டியூஷனுக்கு அந்த நோட்ட எடுத்துட்டு வந்தா, பாத்துட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இருக்கில்ல, அந்த நாளுங்கள மட்டும் தனியா பிரிச்சு தனி ஆவரேஜ் போட்டு வச்சிருக்கா. ஏண்டி தனியா போட்டேன்னு கேட்டா, "போட் கடலுக்குப் போகாத நாள்ல ஆளு வராது மிஸ், அதையும் சேத்து ஆவரேஜ் போட்டா மத்த நாளுக்கு மாவு பத்தாம போயிடுது"ன்னு சொல்றா. சாம்ப்ளிங் (கொஞ்சத்த எடுத்துப் பாத்து மொத்தத்த கணிக்கறது) பாடத்துல ஸ்ட்ராட்டிஃபிகேஷன்னு காலேஜ்ல சொல்லித் தர்றதோட அடிப்படையே இதுதான் சார், ஒரே மாதிரி இருக்கறத ஒரு கூட்டமா பிரிச்சுப் பாக்கறது. யாரும் சொல்லித் தராம அவளே கண்டுபிடிச்சிருக்கா.

இந்தப் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு ஸ்டாட் படிக்கணும்னு ஆசைப்பட்டா. மார்க்கும் நல்ல மார்க். நானும் கூடப் போனேன். அட்மிஷன் டேபிள்ல இருந்த மேடம் மார்க் ஷீட்ட ரெண்டு தடவ மேலயும் கீழயும் பாத்துட்டு "மேத்ஸும் இல்ல, ஸ்டாட்டும் இல்ல, பிசினஸ் மேத்ஸ் கூட இல்லையேம்மா"ன்னாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ரூல் அப்படி. இவ எடுத்தது தேர்ட் குரூப், அதுல நாலாவது சப்ஜெக்ட் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அவ படிச்ச ஸ்கூல்ல காமர்ஸ் எடுத்தா அது ஒண்ணுதான் இருந்துச்சு, வேற ஸ்கூல்ல வணிகக் கணிதமும் புள்ளியியலும்னு ஒரு பாடம் இருக்கு, அத எடுத்திருந்தா கதவு தொறந்திருக்கும்னு பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு அவளுக்கு யாரும் சொல்லல. அப்ப அவ என்கிட்டதான் படிச்சிட்டிருந்தா, நானும் கேக்காம விட்டுட்டேன், அது இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது. பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது அவ அழல, மார்க் ஷீட்ட மடிச்சு கவர்ல போட்டுட்டு பி.காம். அப்ளிகேஷனுக்கு கடைசி தேதி என்னைக்கு மிஸ்னு மட்டும் கேட்டா.

அதனால சொல்றேன், டிகிரிக்கான தகுதிங்கறது காலேஜ் வாசல்ல ஆரம்பிக்கறதில்ல, பிளஸ் ஒன் குரூப்லயே ஆரம்பிச்சிடுது. பி.எஸ்சி. மேத்ஸ்னா பிளஸ் டூல மேத்ஸ் இருக்கணும். ஸ்டாட்டுக்கு மேத்ஸோ, ஸ்டாட்டோ, பிசினஸ் மேத்ஸோ எதாவது ஒண்ணு இருந்தா பல காலேஜ்ல எடுத்துக்கறாங்க. பயாலஜிதான் வேணும்னு செகண்ட் குரூப் போற பிள்ளைக்கு மேத்ஸ் போயிடும், நீட் கிடைக்கலன்னா அப்புறம் மேத்ஸ் டிகிரி பக்கம் திரும்பவே முடியாது. இந்த ரெண்டு மூணு வரிய பதினஞ்சு வயசுல ஒரு பிள்ளைகிட்ட சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

உள்ள போன பிறகு இன்னொரு விஷயம், இது பெத்தவங்களுக்கு சுத்தமா தெரியல. மெட்ராஸ் யூனிவர்சிட்டி முறைல ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். தமிழ் பார்ட் ஒண்ணு, இங்கிலீஷ் பார்ட் ரெண்டு, ரெண்டு வருஷத்துக்கு வரும். பார்ட் மூணுலதான் மெயின் பேப்பரும், அலைடுன்னு சொல்ற துணைப் பாடமும். அதுக்கு மேல சுற்றுச்சூழல், சாஃப்ட் ஸ்கில் அது இதுன்னு இருக்கு, எல்லாத்தையும் முடிச்சாதான் டிகிரி. மார்க் எப்படின்னா இன்டர்னல் 25, எழுதற பரீட்சை 75, மொத்தத்துல 40 எடுத்தா பாஸ். ஆனா அந்த 75ல தனியா 30 எடுத்தே ஆகணும். போன வருஷம் ஒரு பையனோட அப்பா, ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டறவரு, மார்க் பேப்பர தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. இன்டர்னல் 24, எக்ஸ்டர்னல் 28. "கூட்டுனா 52 வருதேம்மா, 40தானே பாஸு, எம்புள்ளைக்கு எதுக்கு அரியர் போட்டாங்க"ன்னு கேக்கறாரு. ரூல எடுத்து சொன்னேன், கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இத மொத செமஸ்டர்லயே எங்களக் கூப்பிட்டு சொல்லியிருக்கலாம்லன்னாரு. நியாயமான கேள்விதானே.

தமிழ், இங்கிலீஷ் பேப்பர்தானேன்னு அசால்ட்டா விட்டு மூணு வருஷம் கழிச்சு டிகிரி கைக்கு வராம நிக்கற பிள்ளைங்களும் நம்ம ஏரியால இருக்காங்க. ராமானுஜனே மத்த பாடத்துல ஃபெயில் ஆகித்தான் கும்பகோணத்துல ஸ்காலர்ஷிப் போச்சு, அப்புறம் பச்சையப்பன் காலேஜ்ல எஃப்.ஏ. (டிகிரிக்கு முன்னாடி எழுதற அந்தக் காலத்துப் பரீட்சை) பரீட்சையும் பாஸ் ஆகல, 1912ல போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க்கா சேந்தாரு. நம்ம ராயபுரத்துலயே அவர் பேர்ல மியூசியம் இருக்கு, பி.கே. சீனிவாசன்னு ஒரு மேத்ஸ் வாத்தியார் உண்டாக்குனது, பத்தாவது பிள்ளைங்கள ஒரு தடவயாவது கூட்டிட்டுப் போங்கன்னு டீச்சருங்கள கேட்டுக்கறேன்.

இதெல்லாம் கூட சமாளிச்சிடலாம், உண்மையிலயே பிள்ளைங்க உடையறது ரியல் அனாலிசிஸ்லதான், கால்குலஸ் ரூல் எல்லாம் ஏன் சரின்னு நிரூபிக்கற பேப்பர் அது. பன்னெண்டு வருஷம் மேத்ஸ்னா கணக்க போடு, விடைய கண்டுபிடின்னு பழகிட்டு வந்தவங்க, திடீர்னு விடை முன்னாடியே இருக்கு, அது ஏன் உண்மைன்னு நிரூபின்னு சொன்னா என்ன பண்ணுவாங்க. அதுவும் இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பையன் ஒருத்தன் தேர்ட் இயர்ல ரெண்டு அரியரோட என்கிட்ட வந்தான். கன்டினியூட்டி (கிராஃப் அறுந்து போகாம தொடர்ச்சியா வர்றது) டெஃபனிஷன் சொல்லுன்னா எப்சிலான், டெல்டான்னு, சின்னச் சின்ன தூரத்துக்கு வைக்கற கிரேக்க எழுத்துங்கள, மூச்சு விடாம மொட்ட மனப்பாடமா ஒப்பிக்கறான், டெல்டா எதப் பொறுத்து மாறும்னு கேட்டா முழிக்கறான். நோட்ட மூட சொல்லிட்டு தமிழ்ல சொன்னேன். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கு. எல்லா பூட்டுக்கும் ஒரே சாவி இருக்கு. ரெண்டும் ஒண்ணாடா?" கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டிருந்தான். அப்புறம் "மிஸ், மொதல்ல பூட்ட காட்டுனா அதுக்கு ஏத்த சாவி எடுப்பேன், ரெண்டாவதுல சாவிய முன்னாடியே எடுத்து வச்சுக்கணும்"ன்னான். புள்ளிக்குப் புள்ளி டெல்டா மாறலாம்னா கன்டினியூட்டி, எல்லா புள்ளிக்கும் ஒரே டெல்டான்னா யூனிஃபார்ம் கன்டினியூட்டி, அதுதான்டா வித்தியாசம்னேன், அதுக்கப்புறம் அந்த சாப்டர நான் நடத்தவே இல்ல, அவனே நடத்துனான். புத்தி இல்லாம இல்ல சார், அவன் பாஷைல ஒரு தடவ காதுல விழல, அவ்வளவுதான். மொத செமஸ்டர்ல முதல் ஒரு மாசம், நிரூபணம்னா என்ன, எப்படி எழுதணும்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கலந்து நடத்திட்டு அப்புறம் சிலபஸுக்குள்ள போனா பாதி அரியர் காணாமப் போகும்னு அனுபவத்துல சொல்றேன்.

ஸ்டாட்னா கால்குலேட்டர் தட்டறதுன்னு நெனச்சு சேர்றவங்களுக்கும் இதே கதிதான். மணி மாதிரி இருக்கற நார்மல் கர்வுக்கு அடியில ஏரியா வேணும்னா இன்டகிரேஷன் தெரியணும், ரிக்ரஷன் (ஒண்ண வச்சு இன்னொண்ண கணிக்கறது) பின்னாடி மேட்ரிக்ஸ் இருக்கு. போன வாரக் கட்டுரைல இத ஒரு வரி கூட சொல்லல.

படிக்க வழி இல்லாமயும் இல்ல. தியாகராயா காலேஜ், வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ், பாரதி மகளிர் காலேஜ்னு நம்ம பக்கமே இருக்கு. ஸ்டாட் வேணும்னா மெரினால மாநிலக் கல்லூரி, 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து திருவொத்தியூர் பிள்ளைக்கும் அந்தப் பக்கம் போறது அவ்வளவு கஷ்டம் இல்ல. ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டம், அத 2022ல தொடங்கி வச்சதே நம்ம பாரதி காலேஜ்லதான். சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்துக்கும் கொல்கத்தா ஐஎஸ்ஐக்கும் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) தனி நுழைவுத் தேர்வு இருக்கு, அங்க மனப்பாடம் செல்லாது, யோசிக்கத் தெரியணும். இட்லி நோட்டு எழுதுன பொண்ணு அதுல உக்காந்திருக்க வேண்டியவ.

அவ இப்ப பி.காம். படிக்கறா, சாயங்காலம் வந்து இன்டகிரேஷன் கத்துக்கறா, டிகிரிக்கு இல்ல, ஆசைக்கு. அவ தங்கச்சி இந்த வருஷம் பத்தாவது. அடுத்த மே மாசம் ரிசல்ட் வந்த கையோட பிளஸ் ஒன் அட்மிஷன் தொடங்கிடும், அதுக்கு ஒரு வாரம் முன்னாடி எந்த குரூப் எடுத்தா எந்த டிகிரிக்கு போகலாம், எது அடைபடும்னு உங்க பேப்பர்ல அரைப் பக்கம் போடுங்க சார். காலேஜ் காலேஜா பிராஸ்பெக்டஸ் வாங்கி வச்சிருக்கேன், நீங்க சரின்னா பட்டியல் நானே எழுதி அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
தண்டையார்பேட்டை, சென்னை