சேசி நம்பர் கேட்காமல் விற்ற போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையில் ஒரு இலட்சம் ரூபா இல்லாமல் இன்று பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுக்க முடியாது என்று தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். 2025 ஒக்டோபரில் நான் வாங்கினேன். மொனிட்டரும் சேர்த்து 75,400 ரூபா. அதில் 2,000 ரூபா வீணாகப் போனது. அது போன விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் 27 வருடமாகக் கவுண்டரில் நிற்பவன். வீடு கொட்டாஞ்சேனையில். மகள் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாள். பைதன் மொழியில் நிரல் எழுதிப் பழக வேண்டும், போனில் சரிவராது அப்பா என்றாள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கிப் புது செட்டுக்கு விலை கேட்டேன். இன்டெல் கம்பனியின் 12 ஆம் தலைமுறை ஐ3 புரொசசர் (கணினியின் மூளை), 8 ஜீபி ராம் (நினைவகம்), மொனிட்டர் இல்லாமல் 1,18,000 என்றார்கள். அடுத்த கடையில் 1,24,500. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். எங்கள் தெருவிலும் இதே கதைதான்.

ஆகவே பாவித்துக் கழற்றிய சாமான் தேடினேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் சில்லுகள் உருண்டது கழற்றிய சாமானால்தான்.

முதலில் கண்ணில் பட்டவை அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள். 6 ஆம், 7 ஆம் தலைமுறை ஐ5 உள்ளவை, முழுப் பெட்டியும் 32,000 ரூபாவுக்குக் கிடைத்தன. மலிவுக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பது அவர்கள் விதி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கத் தயாராக இருப்பவருக்கு, பாடம் படிக்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் வேண்டுபவருக்கு, இதைவிட நல்ல பேரம் கொழும்பில் இல்லை என்பேன். ஒன்று மட்டும்: சின்னப் பெட்டிகள் சிலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் (எல்லாப் பாகமும் பூட்டும் பலகை) அந்தக் கம்பனிக்கே உரிய அளவில் இருக்கும். பழுதானால் சாதாரண சாமான் பொருந்தாது. என் மகள் 8 ஆம் தலைமுறையிலேயே நின்றாள். பிடிவாதம் தாய் வழி.

ஒருவரிடம் பாவித்த ஐ5 8400 புரொசசர் 14,500 க்கு வாங்கினேன். 8 ஆம் தலைமுறை, ஆறு கோர் உள்ளது. போர்டில் அது உட்காரும் சொக்கட் 1151. பிறகு, ஒக்டோபர் 4 ஆம் திகதி சனிக்கிழமை, ஒரு கடையில் போய் "தம்பி, 1151 போர்ட் இருக்கா?" என்றேன். "இருக்கு அங்கிள்" என்று எச்110 போர்ட் ஒன்றை எடுத்துத் தந்தார். 8,500 ரூபா. மூன்று நாள் செக்கிங் வாரண்டி, அதாவது பூட்டிப் பார்க்கத் தரும் தவணை. போனின் டோர்ச்சைப் பிடித்து சொக்கட்டின் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் நேர்த்தியாக நின்றன. பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு பூட்டினோம். காற்றாடி சுற்றியது, திரை வரவில்லை. கடைக்கு ஞாயிறு லீவு. திங்கள் வப் போயா, அதுவும் லீவு. செவ்வாய்க்கிழமை போனேன். மூன்று நாள் முடிந்துவிட்டது அங்கிள் என்றார் தம்பி.

குறை போர்டிலும் இல்லை, புரொசசரிலும் இல்லை. 1151 என்பது ஊசிகளின் எண்ணிக்கை. 6 ஆம், 7 ஆம் தலைமுறைக்கும் அதே எண்ணிக்கை, 8 ஆம், 9 ஆம் தலைமுறைக்கும் அதே எண்ணிக்கை. ஆனால் மின்சாரம் ஏறும் ஊசிகளின் ஒழுங்கை இன்டெல் மாற்றிவிட்டது. 8 ஆம் தலைமுறைக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்ட் வேண்டும். எச்110 இல் புரொசசர் அழகாகப் போய் உட்காரும், வேலை செய்யாது. இதெல்லாம் இரண்டு நாள் கழித்து மகள் தேடிப் படித்துச் சொன்னது. கவுண்டரில் நின்ற தம்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. "என்ன புரொசசர் அங்கிள்?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் எவராவது வந்து "ஒல்டர்னேட்டர் இருக்கா?" என்றால் நாங்கள் முதலில் கேட்பது சேசி நம்பர், வாகனத்தின் சட்டத்தில் பொறித்திருக்கும் இலக்கம். ஒரே காரின் இரண்டு வருட மொடல்களுக்குள் துளை ஒன்றாகவும் பிளக் வேறாகவும் இருக்கும். சேசி நம்பர் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புவோம். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார், அங்கேயும் அதையே கேட்பார்கள்.

கடைசியில் அந்தப் போர்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, 14,000 விலை சொன்ன எச்310 ஐத் தந்தார்கள். மேலதிகமாக 7,500 வாங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், என் 2,000 அங்கே நிற்கிறது.

பவர் சப்ளையில் மட்டும் என் தொழில் என்னைக் காப்பாற்றியது. பழைய கேசிங் ஒன்றை 3,500 க்கு வாங்கியபோது, இன்னும் 2,500 போட்டால் 500 வோட்ஸ் பவர் சப்ளையும் தருகிறேன் என்றார்கள். கையில் தூக்கினேன். பால்மா டின் போல இலேசாக இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பார்த்தேன், 15 அம்பியர். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180 வோட்ஸ். புரொசசரும் கிராஃபிக் கார்டும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான். மீதி 320 வோட்ஸ் எங்கே என்று கேட்டேன். தம்பி சிரித்தார். வேறிடத்தில் 80 பிளஸ் என்ற மின் சிக்கன முத்திரையுள்ள புது 450 வோட்ஸ் ஒன்றை 13,800 க்கு வாங்கினேன். அதில் 12 வோல்ட்டுக்கு 36 அம்பியர், அதாவது 432 வோட்ஸ். மொத்தச் செலவில் இது பெரிய துண்டுதான். ஆனாலும் மலிவு பவர் சப்ளை போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மற்ற எல்லாம் பழையதாக இருக்கட்டும், இது புதிதாக இருக்க வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் காட்டினார்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். ஓடிய நேரம் 31,000 மணித்தியாலம், இரவு பகலாக மூன்றரை வருடம். மீட்டரைத் திருப்பாமல் விற்றார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான், எங்கள் துறையில் அது பழைய கலை. அதை விட்டுவிட்டு 256 ஜீபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) புதிதாக 8,200 க்கு எடுத்தேன்.

ராமில் நான் விட்ட பிழைக்கு எவரும் பொறுப்பில்லை. இரண்டு 4 ஜீபி துண்டுகள் 6,500 க்குக் கிடைத்தன என்று வாங்கிப் போட்டேன். அந்தப் போர்டில் இருப்பதே இரண்டு இடம்தான். ஒரே 8 ஜீபி துண்டாக வாங்கியிருந்தால் மற்ற இடம் வெறுமையாக இருந்திருக்கும். இப்போது கூட்டுவதென்றால் இருப்பதைக் கழற்ற வேண்டும். விலையோ ஒக்டோபரில் கேட்டதுபோல் இரண்டு மடங்குக்கு மேல். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலக நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணமாம். அந்தச் சில்லுகளைச் செய்யும் மைக்ரோன் கம்பனி தன் குருஷியல் ராம் வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கலிபோர்னியாவில் எவரோ செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்கிறார், கொட்டாஞ்சேனையில் என் பை காலியாகிறது.

இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் ரசீது கொடுத்தே ஆகவேண்டும். எனக்கும் கொடுத்தார்கள். அதில் இருப்பது "மதர்போர்ட் - 1 - 8,500". மொடல் இல்லை, தொடர் இலக்கம் இல்லை. அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்றிருக்கிறது. அந்தப் பதினைந்து நாள் யாருக்குப் போகிறது என்று தெரியவில்லை. பழைய சாமான் விற்பவர்கள் மொடலையும் தொடர் இலக்கத்தையும் ரசீதில் எழுதட்டும். கவுண்டரில் ஒரு பரிசோதனைச் செட்டை வைத்து, திரை வருவதைக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கட்டும். செக்கிங் வாரண்டி நாளை, கடை திறந்திருக்கும் நாளாக எண்ணட்டும். வாரண்டி விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்கட்டும். இவற்றை எழுத்தில் கட்டாயமாக்க அதிகார சபை முன்வர வேண்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு எங்கள் கடை பில் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். "ஸ்டார்ட்டர் மோட்டர் - 1". "கியர் பொக்ஸ் - 1". என் கையெழுத்துத்தான். முதலாளியிடம் சொன்னேன். இந்தப் புத்தகம் முடியட்டும், அடுத்ததில் பார்ப்போம் என்றார்.

இப்படிக்கு,
உதிரிப்பாகக் கடை ஊழியர்,
பஞ்சிகாவத்தை, கொழும்பு 10.