வீணைக்கு மேளம் கட்டியாயிற்று

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்த விஷயத்தை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

இங்கே பெரிய செய்தி பாட்டியின் வீணைதான். பரணில் கிடந்ததைத் தஞ்சாவூருக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டோம். நல்ல பலாமரம், வீண்போகவில்லை. உருண்டையான குடத்தில் விரிசல் இல்லை, நீண்ட கழுத்தான தண்டியும் வளையவில்லை. கெட்டுப்போயிருந்தது மெழுகுதான். தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த அந்தக் கறுப்பு மெழுகு ஒவ்வொரு கோடையிலும் இளகி இளகி, அதில் பதித்திருந்த மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள், இடம் மாறி நின்றன. சில கழன்றே விழுந்துவிட்டன.

ஆசாரி பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்டியின் இரண்டு ஓரமும் புது மெழுகை ஏற்றினார். அப்புறம் மேளம் கட்டினாரே, அதாவது மெட்டுகளை ஸ்வரம் பார்த்து மெழுகில் பதித்தாரே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு மெட்டை வைப்பார், மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். எல்லாம் காதுக் கணக்குதான். இப்படி 24 மெட்டுகளும். மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இந்த முறை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்ததாகச் சொல்வார்கள். ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்துகிற வேலை அதோடு போயிற்று. ஆனால் ஒரு மெட்டு பிசகினால், அந்த ஸ்வரம் வருகிற ராகமெல்லாம் கெடும். அவர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். அதிகமாக வாசிக்கிற முதல் தந்தியான சாரணித் தந்தி அழுந்தி அழுந்திச் சில மெட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தது. "பாட்டி வாசித்த தடம், அப்படியே இருக்கட்டும்" என்றான். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போது அது பள்ளத்தில் மாட்டினால் நாதம் அறுந்துபோகும். பாட்டி இருந்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் மாற்றச் சொல்லியிருப்பாள். மாற்றிவிட்டோம், பழையவற்றை அண்ணன் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறான். வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகத்துக்குப் புதுவண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உதிர்ந்த வண்ணத்தால் வாசிப்புக்கு ஒரு குறையும் இல்லையே.

சரி, உன் அப்பாவின் தம்புராவுக்கு வருவோம். குடத்தில் விரிசல், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாயே. முதலில் தந்திகளைத் தளர்த்திவிடு. இழுப்பு இருக்க இருக்க விரிசல் நீளும். கடையில் விற்கும் பசை எதையும் ஊற்றிவிடாதே. அது உள்ளே இறங்கி இறுகிவிட்டால் ஆசாரியாலும் சுத்தமாகச் சேர்க்க முடியாது. ரீங்காரமே வரவில்லை என்று எழுதியிருந்தாய், அதற்கு விரிசல்தான் காரணம் என்று நினைக்காதே. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஜீவா என்கிற நூல் இருந்ததா? அது இல்லாமல் நல்ல தம்புராகூட மொட்டையாகத்தான் ஒலிக்கும். விரிசலைச் சரிசெய்த பிறகு பருத்தி நூலை வைத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். சட்டென்று ஓரிடத்தில் நாதம் திறந்துகொள்ளும்.

சின்னவள் தினமும் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசிக்கிறாள். புது மெழுகு என்பதால் வீணையை வெயில் படாத உள்ளறையில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? தம்புராவையும் எடுத்துக்கொண்டு வா, இருவருமாகத் தஞ்சாவூர் போய் ஆசாரியிடம் காட்டிவிடலாம்.

அன்புடன்,
உன் தோழி