வாடகையில் துண்டு விழுந்தால் கடன் ஆலோசகர் என்ன செய்வார்?

பிரித்தானியாவின் வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நேரம் கிடைக்கும்போது எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் எழுதுவது. ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் குரோய்டனிலும் இருக்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கணக்கில் மாதாமாதம் ஏன் துண்டு விழுகிறது என்று தெரியவேண்டும். பலர் அது தங்கள் கெட்டித்தனக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகை உதவி எவ்வளவு என்று முடிவு செய்வது உங்கள் துறை. கடன் ஆலோசனைக்குக் காசு பிரித்துக் கொடுக்கிற ‘மணி அண்ட் பென்ஷன்ஸ் சர்வீஸ்’ அமைப்பும் உங்கள் துறையின் கீழ்தான் வருகிறது. அதாவது ஒரு மேசையில் உட்கார்ந்து வாடகையை விடக் குறைவாக உதவியை நிறுத்தி வைக்கிறீர்கள், பக்கத்து மேசையில் அதனால் கடன்பட்டு வருகிறவருக்கு வரவு செலவைப் பார்த்து நடந்துகொள்ளச் சொல்ல ஆள் வைக்கிறீர்கள். இரண்டு மேசைக்காரரும் ஒருநாளாவது ஒன்றாக இருந்து கதைத்ததாகத் தெரியவில்லை. இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வாடகை. தனியார் வீட்டில் குடியிருப்பவருக்கு உதவியின் உச்சவரம்பு லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். 2008இல் அதைக் கொண்டுவந்தபோது ஒரு பகுதியின் வாடகைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் தொகையை எடுத்தார்கள், ஆகவே பாதி வீடுகளாவது அதற்குள் அடங்கின. 2011இல் அதைக் கீழிருந்து முப்பதாவது சதவீதத்துக்கு இறக்கினார்கள், பத்தில் மூன்று வீடு. சரி, அந்த மூன்றையாவது காப்பாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. 2016இலிருந்து நான்கு வருடம் தொகை அசையவில்லை. கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் உயர்த்தினார்கள், அப்புறம் 2024 ஏப்ரல் வரை திரும்பவும் அப்படியே. 2024இல் ஒருமுறை உயர்ந்தது. பிறகு உங்கள் அரசு வந்தது. 2025 ஏப்ரலும் போயிற்று, 2026 ஏப்ரலும் போயிற்று, தொகை அதே தொகைதான். இன்றைக்குக் கொடுக்கிற பணம் 2023 செப்டெம்பரோடு முடிந்த வருடத்து வாடகைகளைப் பார்த்துப் போட்டது. இந்த விஷயத்தில் எந்தக் கட்சிக்கும் மற்றக் கட்சியைக் குறை சொல்ல முகம் இல்லை.

இதற்கிடையில் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினீர்கள். நல்ல சட்டம், மனமார வரவேற்கிறேன். காரணம் சொல்லாமல் வீட்டை விட்டு எழுப்புகிற 21ஆம் பிரிவு 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இல்லை. அதே சட்டத்தின்படி வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை வாடகையைச் சந்தை விலைக்கு உயர்த்திக் கேட்கலாம், கூடுதலாகத் தோன்றினால் குடியிருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், தீர்ப்பாயமும் சந்தை விலையைத்தான் பார்க்கும். ஆக, வாடகை ஏறுவதற்கு வருடத்தில் ஒரு நாள் சட்டத்தில் இருக்கிறது. உதவி ஏறுவதற்கு ஒரு நாளும் இல்லை. அது ஒவ்வொரு வருடமும் அமைச்சரின் விருப்பம். குடியிருப்பவரை இனிக் காரணமில்லாமல் எழுப்ப முடியாது, உண்மைதான், ஆனால் வாடகைப் பாக்கி என்பது ஒரு காரணம், அந்தக் காரணத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுக்கிறீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். வாடகை மாதம் 1,800 பவுண்ஸ், உதவி 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இது பெரிய வாடகையும் இல்லை, பெரிய இடைவெளியும் இல்லை. மீதி 400ஐ எங்கேயிருந்து எடுப்பது? வேலையில்லாதவருக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் மாதாமாதம் கொடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் உதவியில், 25 அல்லது அதற்கு மேல் வயதான தனி ஆளுக்கு வாடகைப் பங்கு போக அடிப்படைத் தொகை 2025-26இல் மாதம் 400.14 பவுண்ஸ். இந்த வருடம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் பஸ்ஸுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்த காசு அப்படியே வீட்டுக்காரரின் கணக்குக்குப் போய்விடுகிறது.

இப்போது பக்கத்து மேசைக்கு வாருங்கள். கடன் ஆலோசகர் ஒரு வரவு செலவுப் படிவத்தை நிரப்புவார். அந்தப் படிவத்தை நடத்துவதும் உங்கள் அமைப்புத்தான். எந்தச் செலவு எவ்வளவுக்குள் இருந்தால் நியாயம் என்று அதில் ஓர் அளவு உண்டு, தாண்டினால் ஏன் என்று விளக்கம் எழுதவேண்டும். எல்லாம் நிரப்பி முடித்தால் கடைசியில் மீதி எவ்வளவு என்று வரும், அந்த மீதியைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் ஆலோசனையின் அடிப்படை. ஆனால் அங்கே கழித்தல் குறி நின்றால்? நான் கூட இருந்து பார்த்த படிவங்களில் செலவைக் குறைக்க இடமே இருப்பதில்லை, தொலைபேசியை நிறுத்தியாயிற்று, இறைச்சி வாங்குவதில்லை, ஆனாலும் கழித்தல் குறி. ஆலோசகர் நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, அவராலும் வாடகையைக் குறைக்க முடியாது.

‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்று 2021 மே மாதம் கொண்டுவந்த திட்டத்தையும் சொல்லவேண்டும். 60 நாட்களுக்குக் கடன்காரர் தொந்தரவு இல்லை, வட்டி ஏறாது. ஆனால் அந்த 60 நாளும் நடப்பு வாடகையை ஒழுங்காகக் கட்டவேண்டும். வாடகை கட்ட முடியாமல்தானே அந்த மனிதர் வந்தார்! 60 நாளுக்குப் பிறகு சட்டப்பூர்வமான தவணைத் திட்டம் ஒன்று வரும் என்று 2018ஆம் வருடச் சட்டத்திலேயே வழி வைத்தார்கள், அது இன்னமும் கிடப்பில் கிடக்கிறது. கட்ட வழியில்லாதவரின் கடனைத் தள்ளுபடி செய்கிற கடன் நிவாரண ஆணைக்கான 90 பவுண்ஸ் கட்டணத்தை 2024 ஏப்ரலில் நீக்கியதும், கடன் வரம்பை 50,000க்கு உயர்த்தியதும் உண்மையாகவே உதவியிருக்கிறது. ஆனால் அந்த ஆணை கிடைத்தாலும் பழைய வாடகைப் பாக்கியைக் காட்டி வீட்டைத் திருப்பிக் கேட்க வீட்டுக்காரருக்குத் தடை இல்லை.

எங்கள் ஆட்கள் பலர் அந்த மேசைவரைக்கும் வருவதே இல்லை, அதற்கு வேறொரு காரணம். துண்டு விழுகிற முதல் மாதத்தில் வங்கிக்குப் போகமாட்டார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகும். அப்புறம் சீட்டு, அதுவும் அவசரத்துக்கு முதல் மாதங்களிலேயே பெரிய கழிவில் எடுத்த சீட்டு, கையில் வருவது குறைவு, கட்டவேண்டியது முழுவதும். அப்புறம் ஊரில் அயல் வீட்டிலிருந்த அண்ணையிடம் கைமாற்று. உங்கள் கடன் நிவாரண ஆணையில் எல்லாக் கடனையும் எழுதவேண்டும், ஒருவருக்கு மட்டும் தனியாகக் கட்டி மற்றவர்களை விடக்கூடாது. சட்டமாகப் பார்த்தால் நியாயம். ஆனால் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் பெயரைக் கடன்காரர் பட்டியலில் எழுதி அவருக்கு அரசாங்கக் கடிதம் போனால், அடுத்த கோவில் திருவிழாவில் யாருடைய முகத்தில் முழிப்பது? ஆகவே கிரெடிட் கார்டைக் கட்டாமல் விட்டு, சீட்டைக் கட்டி, வாடகையைப் பாதி கட்டி, கடிதங்களைப் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கிறார்கள். இதைத் தெரிந்த, தமிழில் கதைக்கக்கூடிய ஆலோசகர்களுக்குக் காசு ஒதுக்குங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்து அம்மாவின் கடனைக் கேட்பது ஆலோசனை இல்லை. 2013இல் சட்ட உதவியிலிருந்து பெனிபிட் (அரச உதவித்தொகை) வழக்குகளில் பெரும்பகுதியையும், வீடு பறிபோகும் நிலை இல்லாத கடன் வழக்குகளையும் வெட்டியதிலிருந்து, மேன்முறையீடு செய்யத் தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள்.

கடன் ஆலோசனைக்கான காசு வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்களிடமிருந்து வரியாக வருகிறது. ஆனால் பையைக் கொட்டிப் பார்த்தால் வங்கிக் கடிதத்தை விட அரசாங்கக் கடிதம்தான் அதிகம். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் காசு வர ஐந்து வாரம். அதுவரை சமாளிக்க முன்பணம் தருகிறீர்கள், அது கடன், மாதாமாதம் பிடித்துக்கொள்வீர்கள். பிடிக்கும் உச்சவரம்பை 2025 ஏப்ரலில் அடிப்படைத் தொகையின் 25 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைத்தீர்கள், நன்றி. ஆனால் உதவி தொடங்குகிற நாளிலேயே ஒரு குடும்பத்தைக் கடனாளி ஆக்குவது எதற்கு? உள்ளூராட்சி சபையான கவுன்சிலுக்கு ஒவ்வொரு வீடும் கட்டுகிற கவுன்சில் வரியில் ஒரு தவணை தவறி, நினைவூட்டல் வந்து ஏழு நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாளில் மீதி வருடத்துக் காசு முழுவதையும் கேட்கலாம் என்கிறது 1992ஆம் வருட விதி. மாதம் 120 கட்ட முடியாதவர் ஆயிரத்தை எங்கே கட்டுவார்? அப்புறம் நீதிமன்றம், பாக்கிக்காக வீட்டுக்கு வருகிற பெய்லிஃப், அவர்களின் கட்டணம். ஒரு வங்கி இப்படி நடந்தால் நிதி ஒழுங்குமுறை ஆணையம் விடுமா?

ஒரு வீட்டுக்கு எல்லா உதவியும் சேர்த்து இதற்கு மேல் இல்லை என்கிற பெனிபிட் உச்சவரம்பும் இருக்கிறது. லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ஸ், மாதம் 2,110. 2023 ஏப்ரலுக்குப் பிறகு மாறவில்லை. மூன்றாவது பிள்ளையிலிருந்து காசு இல்லை என்கிற இரண்டு பிள்ளை வரம்பை 2026 ஏப்ரலில் நீக்கியபோது சந்தோஷப்பட்ட தாய்மாரில், போதிய மணிநேரம் வேலை கிடைக்காதவர்களுக்கு மூன்றாவது பிள்ளைக்கு வந்த காசு இந்த உச்சவரம்பில் முட்டி நின்றுவிட்டது.

காசு இல்லை என்பீர்கள். செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். வீடிழந்தவர்களைக் கவுன்சில் தற்காலிக வீட்டில் வைக்கிறது, இங்கிலாந்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி இருக்கின்றன, விகிதத்தில் முதலிடம் எங்கள் நியூஹாமுக்கு. அதற்குக் கவுன்சிலுக்கு நீங்கள் திருப்பிக் கொடுப்பது 2011ஆம் வருட அலவன்ஸின் 90 சதவீதம். மீதி கவுன்சிலின் தலையில். அந்தக் கவுன்சில்தான் பிறகு வரிப் பாக்கிக்குப் பெய்லிஃபை அனுப்புகிறது. வாடகைக்கு 400 கூடக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் போகிறது.

நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. அலவன்ஸ் ஒவ்வொரு ஏப்ரலிலும் முப்பதாவது சதவீதத்துக்குத் தானாக ஏறும்படி சட்டத்தில் எழுதுங்கள். படிவத்தின் கடைசி வரியில் கழித்தல் குறி விழுந்து, அதற்கு வாடகைதான் காரணம் என்று ஆலோசகர் எழுதினால், அந்தத் தாளையே விண்ணப்பமாக ஏற்று உதவி கிடைக்கச் செய்யுங்கள். இங்கிலாந்தில் வாடகை போதாதவருக்குக் கவுன்சில் தன் முடிவில் கொடுத்த, வீட்டுக்கான விருப்புரிமைக் கொடுப்பனவுகளை நெருக்கடி நிதிக்குள் கலந்துவிட்டீர்கள், அதில் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு விதி, ஒரே தெருவின் இரண்டு பக்கத்தில் இரண்டு பதில் வரும். முதல் ஐந்து வாரக் காசு கடனாக இல்லாமல் உதவியாகவே போகட்டும். கவுன்சில் வரி விதி உங்கள் துறையின் கையில் இல்லை என்று தெரியும், பொறுப்பான அமைச்சர் உங்களோடு ஒரே மேசையில்தான் அமைச்சரவைக் கூட்டத்தில் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.

அடுத்த ஏப்ரலுக்கான தொகை பற்றிய முடிவு வழக்கமாக இலையுதிர்காலத்தில் வருகிறது, செப்டெம்பர்வரையான வாடகை விவரமும் அதற்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு முன் பதில் எழுதினால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், நாங்கள் தமிழில் போட்டு எல்லோருக்கும் வாசிக்கக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
நியூஹாமில் வாடகை கட்டும் ஒருவர்