அடீல் அஸ்டேரின் 1926 இசைத்தட்டுகள்

நண்பர்களே, ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேரின் அக்கா அடீல் லண்டனில் பாடிய பழைய பதிவுகளை இன்றிரவு இங்கே பகிர்கிறேன். 'லேடி, பி குட்' என்ற இசை நகைச்சுவை நாடகம் 1926-இல் அங்கே மேடையேறியபோது பதிவானவை. சிலவற்றுக்குப் பியானோ வாசித்தவர் அந்நாடகத்துக்கு இசையமைத்த சாட்சாத் ஜார்ஜ் கெர்ஷ்வின்!

அந்நாளில் தம்பியைவிட அக்காவுக்கே பெயர் அதிகம். 1932-இல் திருமணம் செய்துகொண்டு மேடையைவிட்டு விலகினார். வெளிவந்த பேசும்படம் எதிலும் அவர் இல்லை. அவரை அறிய இதுபோன்ற தட்டுகள்தாம் கதி. மெல்லிய, கீச்சுக் குரல். முதலில் சிரிப்பு வரும், பிறகு அந்தக் குறும்பு பிடித்துப்போகும்.

ஃபிரெட் தனியாகப் பாடும் தட்டைத் தவறவிடாதீர்கள்: பாட்டின் நடுவே கெர்ஷ்வினின் பியானோவோடு ஃபிரெட் ஆடும்போது எழும் காலணித் தட்டல் துல்லியமாகக் கேட்கிறது. இயர்போன் அவசியம்.

காலை வணக்கப் படங்களை நாளை ஒருநாள் ஒத்திவைத்தால் புண்ணியம்.