சூரியன் கேட்டாய், குருவியை அனுப்புகிறேன்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அத்தானும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நம் சபையார் கூடிப் பந்தியுண்ணும் அசனப் பண்டிகை மலரின் அட்டைக்குக் கடலில் சூரியன் இறங்குகிற படம் அனுப்பு, வேத வசனத்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாய். அந்தப் படம் இங்கே கடைக்குக் கடை அட்டையாகத் தொங்குகிறது. அதற்கு நான் எதற்கு? ஒரு குருவியை அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி இது. அதற்காக நான் காடு மலை ஏறவில்லை. என் வாடகை வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுப் பெரியவரின் முற்றத்துக்கே வருகிறது. சோசோ மானியோக் என்கிறார்கள். கட்டைவிரல் பருமன், சாம்பல் நிறம். பறக்கும்போது மட்டும் வாலுக்கு மேலே முதுகில் ஒரு வெள்ளை பளிச்சென்று தெரியும். கூட்டமாக வந்து இறங்கும். கிளை நுனியில் தொங்கி, இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். நான் லென்ஸைத் திருப்புவதற்குள் அடுத்த மரத்தில் இருக்கும். காலையில் கோர் தெ கார்த் மலை முகட்டில் விழுகிற வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எங்கள் தெருவுக்கு வரும். அதுவரை சுவரோரம் நிற்பேன்.

ஞாயிறு காலையிலும் கேமராவைத் தூக்குகிறானாமே என்று அம்மா வருத்தப்படுகிறார்களாம். ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன் என்று சொல். பாட்டும் பிரசங்கமும் இங்குள்ளவர்களின் பேச்சுமொழியான கிரியோலிலும் பிரெஞ்சிலும்தான். ராகம் பிடிபடுகிறது, பிரசங்கம் பாதிதான். உண்மையைச் சொன்னால், கண்ணை மூடி ஜெபித்தால் என் மனம் சம்பளம், விசா, விமான டிக்கெட் என்று ஊர் சுற்றப் போய்விடுகிறது. சுவரோரம் நிற்கும்போது போவதில்லை. படைப்பைப் பாடுகிற 104ஆம் சங்கீதம் எனக்குத் தமிழில் வாய்க்கு வருவது அங்கேதான். நம் ஆண்டவரும் காட்டுப்பூவையும் அடைக்கலான் குருவியையும்தானே காட்டினார்? வாசலில் கிடந்ததைத்தான்.

ஆனால் படைப்பின் அழகு, அழகு என்று மட்டும் நம் சபைப் போதகர் ஐயரவர்கள் மலருக்கு முன்னுரை எழுதிவிட வேண்டாம். 1598இல் டச்சுக்காரர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அதன்பின் நூறு வருஷம்கூட இங்கிருந்த டோடோ பறவை தாங்கவில்லை, அழிந்தே போனது. இங்குள்ள வல்லூறு இனம் ஒன்று, 1974இல் காட்டில் நான்குதான் இருந்ததாகத் தெரிந்ததாம். முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சை வளர்த்துக் காட்டில் விட்டு அந்த இனத்தை மீட்டிருக்கிறார்கள். செய்தவர்கள் ஜெபம் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அதுவும் ஆராதனைதான்.

குற்றாலத்தில் பார்ப்போமே, கன்னத்தில் சிவப்பு வைத்த கொண்டைக்குருவி, அதுவும் இங்கே தெருவெல்லாம் இருக்கிறது. நம்மைப் போலக் கடல் தாண்டி வந்ததுதான். ஆனால் களைச்செடியின் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டு, உள்ளூர் மரங்களுக்குத் தொல்லையாகிவிட்டது. அதையும் படம் எடுக்கிறேன். பாவம், அதைக் கூண்டில் கொண்டுவந்தவன் மனுஷன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தமிழர். பெயரில் தமிழ் இருக்கிறது, பேச்சில் இல்லை. அவருடைய பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பேர் லவால் என்கிற கத்தோலிக்கக் குருவானவரின் படமும் இருக்கிறது. 1864இல் இறந்த அந்தக் குருவானவரின் கல்லறைக்கு, செப்டம்பர் வந்தால் எல்லா மதத்தாரும் இரவோடு இரவாக நடக்கிறார்கள். போன வாரம் பெரியவரும் போய்வந்தார். குருவிப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கே மாட்டுவார் என்று பார்க்க வேண்டும்.

அச்சகத்தில் சொல்லிவிடு: சாம்பலைச் சாம்பலாகவே விடட்டும், பளபளப்பாக்க வேண்டாம். வசனம் போட்டே ஆக வேண்டுமென்றால் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள். குருவியின் மேல் எழுத்து ஏறக் கூடாது. மலர் வந்ததும் எனக்கு இரண்டு பிரதி அனுப்பு, ஒன்று பெரியவருக்கு.

உன் அன்புத் தம்பி