பகிருங்கள், பெயரை மட்டும் வெட்டாதீர்கள்

துணுக்குகளையும் பொன்மொழிகளையும் வேடிக்கைப் படங்களையும் தேடிச் சேர்த்து தினமும் பகிரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொகுப்புகளை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சிரிப்பு, அடுத்து ஒரு தத்துவம், அப்புறம் எங்கோ ஒரு குழந்தையின் சேட்டை என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதுதான் அதில் எனக்குப் பிடித்ததே. அலுத்துச் சலித்த எத்தனையோ இரவுகளில் அவை துணையாக இருந்திருக்கின்றன. அதனால் நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. செய்தவர் பெயரை வெட்டாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

நான் கேலிச்சித்திரம் வரைகிறவள். சில மாதங்களுக்கு முன் ஒரு படம் வரைந்தேன். இரவுக் காவலாளி நாற்காலியில் தூங்குகிறார். அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு பூனை விறைப்பாகக் காவல் நிற்கிறது. வசனம் கிடையாது. அந்தப் பூனையின் முகத்தில் கடமை உணர்ச்சி வருவதற்குள் மூன்று இரவுகள் போயின. வலது கீழ் மூலையில், காவலாளியின் செருப்புக்குப் பக்கத்தில், கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணி அதை எனக்கே அனுப்பினார். "நீ வரையுற மாதிரியே இருக்கு, பாரேன்!" மூலை வெட்டப்பட்டிருந்தது. கையெழுத்தோடு காவலாளியின் பாதமும் போயிருந்தது. குறுக்கே யாரோ தங்கள் பக்கத்தின் பெயரைப் பொறித்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதே படத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். "இது ஏற்கெனவே சுற்றி வரும் படம். சொந்தமாக வரைந்ததை மட்டும் அனுப்பவும்" என்று பதில் வந்தது. பென்சிலில் போட்ட முதல் வரைவுகளைத் தேடியெடுத்து, நான் திருடி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. என் படத்துக்கு நானே சாட்சி தேடினேன். வெட்டியவருக்கு அது ஒரு நொடி வேலை.

பொன்மொழிகளில் நடப்பது இன்னொரு விதம். அங்கே சொல்லாதவர் மீது பெயரை ஏற்றுகிறீர்கள். 'உன் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற வரி பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் முகத்தோடுதான் வருகிறது. வால்டேர் இறந்தது 1778இல். அவருடைய மனப்போக்கை விளக்குவதற்காக, 1906இல் வந்த நூலில் எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற பெண் தன் சொற்களில் எழுதிய வாக்கியம் அது. அவர் பெயரோடு அந்த வரி எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. உலகமே மேற்கோள் காட்டும் ஒரு வரியை எழுதியும் அவருக்கு இந்த நிலை!

யார் செய்தது என்று தெரியவில்லை என்பீர்கள். தேடினீர்களா? வேடிக்கையாகச் சொன்னதை வினையாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று, முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாகப் போடலாம் என 1982 செப்டம்பர் 19 அன்று தன் பல்கலைக்கழகத்தின் கணினித் தகவல் பலகையில் யோசனை எழுதியவர் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன். அந்தச் செய்தி தொலைந்துபோனது. கணினித் தகவல்களைப் பிரதியெடுத்து வைத்த பழைய காப்பு நாடாக்களைத் துழாவி 2002இல் அதை மீட்டெடுத்தார்கள். மூன்றே குறிகளுக்காக அவ்வளவு பாடுபட்டார்கள். இன்று ஒரு படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட, கையில் இருக்கும் போனே போதும்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். மூலையில் பெயர் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். தேடியும் கிடைக்காவிட்டால் 'செய்தவர் தெரியவில்லை' என்று போடுங்கள். உங்கள் பெயரையோ, ஒரு பெரியவரின் பெயரையோ போடாதீர்கள்.

அண்ணியிடம் இருந்த படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். உங்களிடமும் பாதம் இல்லாத காவலாளி இருந்தால் கேளுங்கள், முழுப் படத்தையும் அனுப்புகிறேன். தாராளமாகப் பகிரலாம்.

இப்படிக்கு,
அந்தப் பூனையை வரைந்தவள்